தூது கேட்ட பிறகு

அம்மாவின் வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளில், பென்சிலால் எழுதிய 11 வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு தேதி. அதையடுத்து, ஜெபக்கூட்டத்தில் அவளுக்கோ பிள்ளைகளாகிய எங்களுக்கோ சொல்லப்பட்ட தூது. கேட்டது கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல். நடந்தேறியவற்றின் எதிரே சின்னதாக ஒரு சிலுவை. நடக்காமல் போனவற்றின் மேல் நேராக ஒரு கோடு. நான்கு வரிகளுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். விடியுமுன் எழுந்து 300 ரப்பர் மரங்களில் பால்வெட்டிவிட்டு வந்து எங்களுக்குக் கஞ்சி வைத்தவள். அவள் இருந்தவரை இந்தத் தாளை யாரிடமும் காட்டியதில்லை. அடக்கம் முடிந்து எட்டாம் நாள் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்டோம்.

ஒருவர் நம் தலையில் கைவைத்து, கர்த்தர் உனக்கு இப்படிச் சொல்லுகிறார் என்று சொன்னபின் நாம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியோடு நான் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். போதகர்களிடம் கேட்டிருக்கிறேன், புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்த அன்றுதான் பதிலின் உருவம் எனக்குத் தெரிந்தது.

எங்கள் கள்ளிக்காடு நெய்யாற்றின் கரையில், அணைக்கட்டை ஒட்டிய ஊர். கிழக்கே பார்த்தால் அகத்தியமலை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்களைப் போன்ற குடும்பங்கள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளர்ந்தோம். தமிழ் வேதாகமத்தை வாசித்துவிட்டு மலையாளத்தில் பாடுவோம். பாறசாலை முதல் வெள்ளறடை வரை எந்த ஊரை எடுத்தாலும் நடக்கும் தூரத்துக்குள் ஒரு சி.எஸ்.ஐ. ஆலயமும் ஒரு லத்தீன் கத்தோலிக்கக் கோவிலும் இரண்டு மூன்று பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கும், வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு இன்னொன்றுக்கும் போகிறவர்கள் ஏராளம். அதை இங்கே யாரும் குற்றமாக எண்ணுவதில்லை.

தீர்க்கதரிசனம் என்பது மேடைச் சொல். எங்கள் பக்கத்தில் பேச்சில் வருவது இரண்டு சொற்கள். ஒன்று தூது. மற்றது ஆலோசனை, மலையாளத்தில் ஆலோசன. 'அக்காவுக்கு ஒரு தூது உண்டு' என்பார்கள். 'அந்தச் சபையில் நல்ல ஆலோசனை வரும்' என்பார்கள். இரண்டையும் ஒரே பொருளில்தான் சொல்கிறோம். ஆனால் சொற்கள் நம்மைவிட அறிவுள்ளவை. தூது என்றால் அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார், கொண்டுவருகிறவர் வேறொருவர், பெறுகிறவர் மூன்றாமவர். ஆலோசனை என்றால் ஆலோசிக்க வேண்டியது. ஒருவர் தந்த ஆலோசனையை யோசிக்காமல் ஏற்பவனை இந்த ஊரில் யாரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள். ஜெபக்கூட்டத்துக்குள் வந்ததும் அந்தப் பழைய அறிவு நம்மை விட்டுப் போய்விடுகிறது.

திருக்குறளில் தூது என்றே ஓர் அதிகாரம் உண்டு, 69-ஆவது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர் தூதரை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்: தானே வகுத்துச் சொல்பவன், சொல்லி அனுப்பியதை மட்டும் சொல்பவன். அரசாங்கத் தூதுக்கு இரண்டு வகையும் வேண்டும். கர்த்தரின் பெயரால் பேசுகிறவருக்கு இரண்டாம் வகை மட்டுமே தகும். தொல்லை எங்கே தொடங்குகிறது என்றால், சொல்லி அனுப்பியதைச் சொல்ல வந்தவர் பாதி வழியில் தானே வகுத்துச் சொல்லத் தொடங்கும் இடத்தில். அவர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. உண்மையான பாரம் நெஞ்சில் எழுந்திருக்கலாம். எதிரே அழுதுகொண்டு நிற்கும் தாயைப் பார்த்து மனம் இளகி, கொடுக்கப்படாத நான்கு சொற்களைச் சேர்த்துவிடலாம். எது அனுப்பப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். ஆகவேதான் பெறுகிறவருக்கு ஒரு வேலை வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த வேலைக்குத் தமிழ் வேதாகமம் வைத்த பெயர் நிதானித்தல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில், இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லட்டும், மற்றவர்கள் அதை நிதானிக்கட்டும் என்கிறார் பவுல். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை எடைபோட்டுத் தீர்மானிப்பது என்ற பொருளில் எழுதினார்கள். நம் பேச்சில் நிதானம் என்றால் அவசரப்படாமை. ஒரே சொல்லில் இரண்டும் வந்து விழுந்தது நமக்குக் கிடைத்த பாக்கியம் என்றே நினைக்கிறேன். எடை போடுவதற்கு நேரம் வேண்டும். அவசரமாகப் போட்ட எடை எடையல்ல.

சித்தியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மாவின் தங்கை, வெள்ளறடைப் பக்கம் கட்டிக் கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் அவள் தலையில் கைவைத்து, உன் மகனைக் கடல் கடந்து கொண்டுபோவேன், அவன் கை அநேகருக்குக் கொடுக்கும் கையாயிருக்கும் என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னது. நாடு இல்லை, வருடம் இல்லை. மூன்றாவது வாரம் விசா தருவதாக ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். சித்திக்கு அதுதான் உறுதிப்படுத்தலாகப் பட்டது. 32 சென்ட் ரப்பர் நிலத்தை விலை பேசினார்கள். அம்மா நடந்தே போய்ச் சித்தியைப் பார்த்தாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஏ பிள்ள, அந்தத் தூதுக்குள்ள ஏஜென்டுக்க பேரு கெடந்துதா?"

"அக்கா, நீ அவிசுவாசமாட்டு பேசாத. கர்த்தர் சொன்னத நான் தடுக்க மாட்டேன்."

"கர்த்தர் சொன்னத தடுக்காண்டாம். நெலத்த விக்கச் சொன்னது யாரு?"

சித்தி பதில் சொல்லவில்லை. நிலம் போயிற்று. சித்தியின் மகன் எட்டு மாதத்தில் திரும்பி வந்தான், சொன்ன வேலையும் இல்லாமல், சொன்ன சம்பளமும் இல்லாமல். அந்த இழப்பு பெரிதுதான். அதைவிடப் பெரிய ஒன்று இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. சித்தி ஊழியரையும் குறைசொல்லவில்லை, ஏஜென்டையும் சொல்லவில்லை. தன் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் வாக்குத்தத்தம் கைகூடவில்லை என்று முடிவு செய்துகொண்டாள். சாகும்வரை அந்தக் குற்ற உணர்வு அவளை விடவில்லை. தேவன் அவள்மேல் வைக்காத பாரம் அது.

அம்மா கேட்ட கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. சொல்லப்பட்டது வேறு, அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் நொடிந்திருக்கின்றன. அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசிக்க வேண்டும். செசரியாவில் பிலிப்புவின் வீட்டில் பவுல் தங்கியிருக்கிறார். அந்த வீட்டிலேயே தீர்க்கதரிசனம் சொல்லும் நான்கு மகள்கள் உண்டு. யூதேயாவிலிருந்து அகபு வருகிறார். பவுலின் இடைக்கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவனை எருசலேமில் யூதர்கள் இப்படிக் கட்டுவார்கள் என்கிறார். அகபு சொன்னது மெய். ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் உடனே அழுது, எருசலேமுக்குப் போகாதேயும் என்று பவுலைக் கெஞ்சினார்கள். போகாதே என்பது அகபு சொன்ன சொல்லில் இல்லை. அன்பினால் அவர்களே சேர்த்த முடிவு அது. பவுல் தூதை மறுக்கவில்லை, அகபுவைக் கடிந்துகொள்ளவுமில்லை. கட்டப்படுவதற்கும் சாவதற்கும் தயார் என்று சொல்லிவிட்டுப் போனார். நடந்தபோதும் சொன்னதன் சாரம் அப்படியே நடந்தது. விவரம் சற்று வேறாக இருந்தது. ஜனக்கூட்டம் அவரைக் கொல்லப் பார்க்க, ரோமச் சேனாபதி வந்து மீட்டு, அவனே இரண்டு சங்கிலிகளால் கட்டச் சொன்னான். மெய்யான தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்த சொல்லே இப்படி என்றால், அதைச் சொத்துப் பத்திரம் போல எழுத்தெண்ணிப் பிடித்துக்கொண்டு நடப்பது எவ்வளவு ஆபத்து!

தூது தவறானால் சொன்னவர்தானே பொறுப்பு என்று நாம் ஆறுதல் தேடுகிறோம். வேதம் அந்த ஆறுதலைத் தருவதில்லை. 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரம் எனக்கு வெகுநாள் பயமூட்டிய அதிகாரம். யூதாவிலிருந்து ஒரு தேவனுடைய மனுஷன் பெத்தேலுக்கு வந்து யெரொபெயாம் ராஜாவின் பலிபீடத்துக்கு எதிராகப் பேசுகிறான். அங்கே சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது, வந்த வழியே திரும்பக்கூடாது என்று அவனுக்கே நேரடியாகக் கட்டளை இருந்தது. ராஜா விருந்துக்கு அழைத்தபோது மறுத்தான். வழியில் ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, ஒரு தூதன் உன்னைத் திருப்பி அழைத்துவரச் சொன்னான் என்று பொய் சொன்னதும் நம்பிப் போனான், உண்டான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. பொய் சொன்ன கிழவனுக்கு அந்த அதிகாரத்தில் ஒரு கீறலும் படவில்லை. அவனே போய்ச் சடலத்தை எடுத்து வந்து, ஐயோ என் சகோதரனே என்று அழுது அடக்கம் பண்ணினான். இது நியாயமா என்று இளவயதில் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது அதன் கடுமை எனக்குப் புரிகிறது. அந்த மனுஷனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே தெரியும். தெரிந்ததை விட்டுவிட்டு, வயதிலும் பெயரிலும் பெரிய ஒருவரின் வாயைப் பிடித்துக்கொண்டான். கேட்டவன்தான் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

கடன் வாங்காதே என்று மனச்சாட்சி சொல்ல, வீடு கட்டு என்று தூது வருகிறது. மனைவியோடு சமாதானமாகு என்று வேதம் சொல்ல, உன்னைப் பிரித்தெடுத்தேன் என்று யாரோ சொல்கிறார். இங்கே நிதானிக்கக்கூட ஒன்றுமில்லை. தெளிவாகத் தெரிந்த கடமையை மறக்கச் சொல்லும் எந்தச் சொல்லையும், அது எத்தனை கண்ணீரோடு வந்தாலும், கீழே வைத்துவிட வேண்டும். உபாகமம் 13 இன்னும் தூரம் போகிறது. சொன்ன அடையாளம் நடந்தேவிட்டாலும், அது உன்னைத் தேவனைவிட்டு விலக்குமானால் கேளாதே என்கிறது. நடந்துவிட்டது என்பதாலேயே மெய்யென்று ஆகிவிடாது.

தெளிவாக இல்லாதவை வேறு. நம்மில் பெரும்பாலோருக்கு வருபவை அவையே: திருமணம், வேலை, வெளிநாடு, பிள்ளைப்பேறு, ஊழிய அழைப்பு. இவற்றுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. எரேமியாவைவிடப் பெரிய தீர்க்கதரிசி யார்? அவருக்கே ஒரு நாள் வார்த்தை வந்தது: உன் தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லுவான் என்று. எரேமியா உடனே பணத்தை எடுக்கவில்லை. அனாமெயேல் காவல் முற்றத்துக்கு வந்து அதே சொல்லைச் சொன்ன பிறகுதான், இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்று எழுதுகிறார். பிறகு 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்துப் பத்திரம் எழுதினார். வேறொரு சமயம் ஜனங்கள் வழிகேட்டு வந்தபோது, பத்து நாள் கழித்தே அவருக்கு மறுமொழி கிடைத்தது. பத்து நாள் ஒரு தீர்க்கதரிசி வாய்மூடி இருந்தார். இன்று கூட்டத்தில் வரிசையாக நிற்கும் 50 பேருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் வார்த்தை கிடைப்பதைப் பார்க்கும்போது அந்தப் பத்து நாள் நினைவுக்கு வருகிறது.

சித்தியிடமிருந்து திரும்பிய வழியில் அம்மா சொன்னது, பால் உறையுமுன்னே மெஷினில் போட்டால் ஷீட்டு வருமா என்று. ரப்பர்ப் பாலில் ஆசிட் விட்டு ராத்திரி முழுக்க வைத்தால்தான் கட்டியாகும். அதற்குள் கைவைத்தால் பாலும் போகும், வேலையும் போகும். அவளுக்குக் கிரேக்கம் தெரியாது, காத்திருக்கத் தெரிந்திருந்தது.

இந்த நாட்டில் தூதும், அதை நிதானிக்காமல் போவதும் புதிதல்ல. மிஷனரி ரேனியுஸ் ஐயரிடம் படித்து, பிறகு இன்னொரு மிஷனரியான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு பழகிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், 1840-இல் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். 1860-இல் அங்கே எழுப்புதல் வந்தது. பாவ அறிக்கை, கண்ணீர், அந்நியபாஷை, தரிசனம், தீர்க்கதரிசனம் எல்லாம் திருநெல்வேலிச் சீமையில் பரவின. உலகம் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லும் அசூசா தெரு எழுப்புதலுக்கு 46 வருடம் முந்தியது அது. பின்னர் 1873-ஐ ஒட்டித் தமிழ் உபதேசிகள் மலை கடந்து திருவிதாங்கூருக்கு அதைக் கொண்டுபோனார்கள். அங்கே அந்த அனலில் பற்றிக்கொண்டவர்களில் ஒருவர் ஜஸ்டஸ் ஜோசப். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, 1861-இல் மாவேலிக்கரையில் ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். சபையில் குருவானவர். வித்துவான்குட்டி என்று மக்கள் அன்போடு அழைத்த பண்டிதர். அவர் இயற்றிய பாட்டுகளை மலையாளச் சபைகள் இன்றும் கண்ணீரோடு பாடுகின்றன. நானும் சிறுவயதில் பாடி வளர்ந்தவன்.

அவருடைய வட்டத்தில் 1875-இல் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது: இன்னும் ஆறு வருடத்தில், 1881-இல், கிறிஸ்து வருவார். ஆறு வருடக் கூட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. குறித்த ஆண்டு வந்தது, போயிற்று. அந்த இடத்தில் நாங்கள் தவறாகக் கேட்டுவிட்டோம் என்ற ஒரு வரி போதுமாயிருந்தது. அது சொல்லப்படவில்லை. நிறைவேறாத சொல்லுக்குப் புதிய விளக்கம் பிறந்தது. அந்த விளக்கத்தின்மேல் யூயோமயம் என்ற தனிச்சபை எழுந்தது. ஜஸ்டஸ் ஜோசப் 1887-இல் காலமானார். இவ்வளவு கல்வியும் பக்தியும் பாட்டும் உள்ள ஒருவர் ஒரு கோடு போட மறுத்தார் என்பதை நினைக்க மனம் வலிக்கிறது. அம்மாவின் தாளில் உள்ள கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

தாவீது ஆலயம் கட்ட விரும்பியபோது, உம் இருதயத்தில் உள்ளதையெல்லாம் செய்யும் என்று நாத்தான் சொன்னார். அன்று இரவே தேவன் திருத்தினார். நாத்தான் மறுநாள் ராஜாவிடம் போய் நேற்றுச் சொன்னதை மாற்றிச் சொன்னார். அதனால் அவருடைய பெயர் குறையவில்லை. நான் சொன்னது நடக்கவில்லை, என்னை மன்னியுங்கள் என்று திரும்பி வந்து சொன்ன ஊழியர் ஒருவரை என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். ஒருவரைத்தான். அவர் பிறகு சொன்ன எந்தச் சொல்லையும் நான் மதிப்போடு கேட்டேன்.

இனி, எங்கள் பக்கத்தின் மிகக் கொடிய நோய். உனக்கு விரோதமாக ஒருத்தி கூடோத்திரம் செய்திருக்கிறாள், உன் வீட்டுக்குத் தெற்கே இருக்கிறவள் என்ற வகைத் தூது. கூடோத்திரம் என்றால் செய்வினை. பெயர் சொல்வதில்லை, திசை போதும். இரண்டு தலைமுறையாகக் கிணற்றுத் தண்ணீரைப் பங்கிட்ட வீடுகள் அதோடு முகம் பார்ப்பதை நிறுத்திக்கொள்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவளுக்குத் தான் குற்றம் சாட்டப்பட்டதே தெரியாது. ஏன் கல்யாணத்துக்குச் சொல்லவில்லை என்று மட்டும் யோசித்துக்கொண்டிருப்பாள். தீர்க்கதரிசனம் எதற்கு என்று பவுல் மூன்று காரியம் சொல்கிறார்: கட்டியெழுப்ப, புத்திசொல்ல, ஆறுதலாக்க. அயல்வீட்டுக்காரியை எதிரியாக்கும் சொல் இந்த மூன்றில் எதிலும் அடங்காது. இதற்கு நிதானம்கூட வேண்டாம். அந்தக் கூட்டத்திலேயே எழுந்து, இதை நான் ஏற்கவில்லை என்று சொல்ல வேண்டும். அப்படி எழுந்து நிற்பது எங்கள் பெண்களுக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவர்கள் பக்கத்தில் இருக்கிற ஆண்கள் எழ வேண்டும்.

இதற்கடுத்தது மருந்து. சுகமானாய், மாத்திரை வேண்டாம் என்று சொல்லக் கேட்டு, வலிப்புக்கான மாத்திரையை நிறுத்திய ஒரு பிள்ளையை நான் வகுப்பில் வைத்துப் படிப்பித்திருக்கிறேன். அதன் பிறகு நடந்ததை எழுத மனம் வரவில்லை. இந்த மண்ணில் சுவிசேஷம் மருந்துப் பெட்டியோடு வந்தது. நெய்யூரில் எல்.எம்.எஸ். மிஷனின் வைத்தியப் பணி 1838-இல் தொடங்கியது. ஹோவர்ட் சோமர்வெல் 1922-இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர். நெய்யூர் ஆஸ்பத்திரியில் வரிசையாகக் காத்துக்கிடந்த நோயாளிகளையும் ஒற்றை ஆளாகத் திணறிய டாக்டரையும் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். காரக்கோணத்து மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். அவரைத் திருப்பியது அந்த வரிசை. கண்ணுக்கு முன்னால் நிற்கும் தேவையைவிடத் தெளிவான தூது நம்மில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? அதற்காக நாம் போய் எவர் முன்னும் தலைகுனிந்து நிற்பதில்லை.

நாளை என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எல்லா மனிதருக்கும் உண்டு. எங்கள் பாட்டன்மார் அதற்காகச் சோழி உருட்டுகிறவரிடம் போனார்கள். அவர்கள் அறிந்தது அது; இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் அதே கேள்வியை, அதே பயத்தோடு, அதே காணிக்கையோடு ஒரு ஊழியரிடம் கொண்டுபோனால் மாறியது ஆள் மட்டுமே. காணிக்கை என்றதால் ஒரு சொல். டிடாக்கே என்ற மிகப் பழைய கிறிஸ்தவ ஒழுங்குநூல், ஆவியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு தனக்குப் பணம் கேட்கிறவனைக் கேளாதே என்கிறது. அப்போஸ்தலர் காலத்தை அடுத்து எழுந்த நூல் அது. அத்தனை காலமாக நமக்குச் சொல்லப்பட்டுவருகிறது. இதைவிட அதிகம் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

இவ்வளவும் வாசித்துவிட்டு, அப்படியானால் தூதே வேண்டாம் என்று யாராவது முடிவு செய்தால் நான் தவறாக எழுதிவிட்டேன் என்று பொருள். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய அதே மூச்சில்தான் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்கிறார் பவுல். அற்பமாய் எண்ணுகிறவன் சோதிக்கமாட்டான், தூக்கி எறிந்துவிடுவான். சோதிப்பது மதிப்பதன் அடையாளம். பொன்னைத்தான் உரைத்துப் பார்க்கிறோம், கூழாங்கல்லை யாரும் உரைப்பதில்லை.

அப்பா மரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்த வருடம், எங்களை முன்பின் அறியாத ஒரு மூதாட்டி கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்து, நீ ராத்திரியில் அடுப்படியில் உட்கார்ந்து அழுவதைக் கர்த்தர் காண்கிறார் என்றாள். இனி நடக்கப்போவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பா எழும்புவார் என்று சொல்லவில்லை, அவர் எழும்பவுமில்லை. அம்மாவின் தாளில் அதுவும் ஒரு வரி. அதன் எதிரே சிலுவை போட்டிருக்கிறாள், அதே தேதியில். அந்த ஒரு வார்த்தையைக் கொண்டு அவள் நான்கு வருடம் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். அடுப்படியில் அழுதது எனக்கே அந்தத் தாளைப் பார்த்த அன்றுதான் தெரியும்.

எதிரே எந்தக் குறியும் போடாமல் விட்ட நான்கு வரிகளில் ஒன்று என்னைப் பற்றியது. எனக்குப் பதினேழு வயதில், இந்தப் பிள்ளை என் வார்த்தையைச் சுமப்பான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது தடுக்கவில்லை, ஊழியத்துக்குப் போ என்று ஒருபோதும் உந்தவில்லை. சொல்லியிருந்தால் நான் பயந்து போயிருப்பேன், அல்லது பெருமை கொண்டிருப்பேன். அந்த வயதில் இரண்டும் கெடுதல். மேய்ப்பர்கள் சொன்னதையெல்லாம் மரியாள் நெஞ்சில் வைத்துச் சிந்தித்தாள் என்று லூக்கா எழுதியதை வருடாவருடம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் கேட்கிறோம். அது இப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு தாய், ஒரு சொல், முப்பது வருட மௌனம்.

போன மாதம் என் மகள் வாலிபர் முகாமிலிருந்து வந்தாள். முகம் கலங்கியிருந்தது. கேட்டபோது, ஒரு சகோதரி தனக்காக ஜெபித்து ஒரு தூது சொன்னதாகச் சொன்னாள். என்னவென்று நான் உடனே கேட்கவில்லை. யார் சொன்னது, அவர்களை நமக்குத் தெரியுமா, கூட யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். சொன்னாள். கேட்ட உடனே உனக்குள் என்ன வந்தது, சமாதானமா அவசரமா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும்தான் அப்பா" என்றாள். நேர்மையான பதில். நம் போதகரம்மாவிடம் ஒரு நாள் பேசிவிட்டு வருவோம், அதுவரை இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்றேன். தலையாட்டினாள். பெட்டியிலிருந்து அம்மாவின் வேதாகமத்தை எடுத்துக் கடைசித் தாளைத் திறந்து கொடுத்தேன். அவள் முதல்முறையாக அதைப் பார்க்கிறாள். பதினொரு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். கோடு போட்ட இடங்களில் சற்று நின்றாள்.

பிறகு பென்சில் கேட்டாள். பாட்டியின் கையெழுத்துக்குக் கீழே தேதியைப் போட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் அவளுக்குக் கல்லூரியில் பரீட்சை இருந்தது. ராத்திரி பதினொரு மணி வரை படித்துவிட்டு, காலையில் ஆறே முக்கால் பஸ்ஸில் காட்டாக்கடைக்குப் போனாள்.